விட்டுக்கொடுத்த நாள் – அத்தியாயம் 17: ஐந்தாம் வரி

காலையில் எழுந்ததும் ஸுஹைனா உள்ளங்கையால் ஒரு கண்ணை மூடுவாள். பிறகுதான் மற்ற வேலை.

வலது கண்ணை மூடிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாள். ஒன்பது கம்பிகள். ஓரத்தில் உள்ளவை நின்றன. நடுவில் மூன்றைக் காணவில்லை. அந்த இடத்தில் அடுப்புப் புகை மாதிரி ஒன்று நின்றது. ஒப்பரேஷன் செய்து மூன்று மாதம். புகை விலகவில்லை.

இடது கண்ணை மூடினாள். வலது கண்ணுக்கு ஒன்பதும் தெரிந்தன. ஆனால் நடுக்கம்பி இடுப்பில் வளைந்திருந்தது.

இந்த வளைவைப் போன வெள்ளிக்கிழமைதான் முதலில் கண்டாள். யாரிடமும் சொல்லவில்லை. இன்று புதன்.

காத்தான்குடியில் வீடு பெண்களுக்கு. உம்மா தன் வளவை இரண்டாகப் பிரித்து, மூத்தவள் ஸுஹைனாவுக்கு ஒரு வீடு, இளையவள் றிஸானாவுக்கு ஒரு வீடு என்று கட்டிக் கொடுத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். உம்மாவின் சீனி வருத்தம், அந்த நீரிழிவு மட்டும் பாகம் பிரிக்காமல் இருவருக்கும் முழுதாக வந்தது. விழித்திரையின் நடுவில் நீர் கோத்து வீங்கியிருப்பதாக ஒரே வருடத்தில் இருவருக்கும் சொன்னார்கள். கண்ணுக்குள் ஊசி போட்டார்கள். வீக்கம் வற்றவில்லை. விழித்திரையின் மேல் ஒரு மெல்லிய சவ்வு படிந்து இழுக்கிறது, அதை உரித்தெடுக்க வேண்டும் என்றார் டொக்டர்.

ஸுஹைனாவுக்குத்தான் முதலில் ஒப்பரேஷனுக்கு நாள் கிடைத்தது. றிஸானாவின் கணவன் நௌஷாட் கட்டாரிலிருந்து மூன்று கிழமை லீவில் வந்திருந்தான். அவன் போனபிறகு செய்தால் பக்கத்தில் யார் இருப்பது என்று றிஸானா அழுதாள். ஸுஹைனா தன் நாளை அவளுக்குக் கொடுத்தாள். ஸுஹைனாவுக்கு வேறொரு நாள் கிடைக்க நான்கு மாதமானது.

றிஸானாவுக்குப் பார்வை வந்தது. ஸுஹைனாவுக்கு வரவில்லை.

தங்கச்சிக்குக் கண்ணைக் கொடுத்த ராத்தா என்று தெருவில் சொன்னார்கள். அதைக் கேட்க முதலில் நன்றாக இருந்தது.

*

றிஸானா வரும்போது கையில் ஒரு பொலித்தீன் பை இருந்தது. உள்ளே கறுப்புத் துணி. ஸுஹைனா தொட்டுப் பார்த்தாள். கலியாணத்துக்குத் தைக்கும் அபாயா. நெஞ்சில் கறுப்பு மணி வைக்க வேண்டியது.

கறுப்புத் துணியில் கறுப்பு நூலால் கறுப்பு மணி கோப்பது ஸுஹைனாவின் வேலை. இருபத்திரண்டு வருடம். றிஸானா மெஷினில் ஓரம் அடிப்பாள். அவ்வளவுதான் அவளுடைய பங்கு. ஏறாவூரிலிருந்து, ஓட்டமாவடியிலிருந்து பெண்ணின் உம்மாமார் வந்தால் ஸுஹைனாவின் வீட்டுக்குத்தான் வருவார்கள்.

இது எங்கிருந்து வந்தது என்று கேட்டாள்.

ஏறாவூர் ஆட்கள் நேற்றுக் கொண்டுவந்து தந்ததாக றிஸானா சொன்னாள். நேரே அவளிடம் தந்திருக்கிறார்கள். ராத்தாவுக்குக் கரைச்சல் கொடுக்கக் கூடாது என்றார்களாம்.

“கரைச்சலா எனக்கி?”

“அவங்க சென்னதெத்தான் செல்றன். எனக்கி இந்த வேல வராதுண்டு ஒங்களுக்குத் தெரியும்தானே.”

“கண் இரிந்தா வரும்.”

றிஸானா பையை மேசையில் வைத்துவிட்டுத் தேத்தண்ணி ஊற்றினாள். ஊற்றும்போது கோப்பையைப் பார்த்து ஊற்றினாள். ஒரு கண்ணால் அளவு பிடிபடாமல், ஸுஹைனா விரலை உள்ளே விட்டு, சூடு படும் இடத்தில் நிறுத்துகிறவள். அதையும் கவனித்தாள்.

*

ஸுஹைனாவின் கணவன் அஸாம் சொந்தமாக ஓட்டோ வைத்திருந்தான். இருவரையும் ஏற்றிக்கொண்டு எட்டு மணிக்குப் புறப்பட்டான்.

றிஸானா வழி நெடுகப் பெயர்ப்பலகைகளை வாசித்தாள். கண் வந்ததிலிருந்து அவளுக்கு அது ஒரு பழக்கம். டயர் கடை. பல் வைத்தியர். வாடகைக்கு வீடு, குடும்பத்துக்கு மட்டும். ஒன்றையும் விடவில்லை.

“றிஸானா, ரோட்டில எனக்கும் கொஞ்சம் மிச்சம் வையி. நான் ஓட்டுறவன்” என்றான் அஸாம்.

அவள் சிரித்தாள். அவனும் சிரித்தான். ஸுஹைனா சிரிப்பவர்களின் நடுவே இருந்தாள்.

கல்லடிப் பாலத்தில் ஏறியதும், வாவியில் ஒருவன் வலை வீசுகிறான் என்றாள் றிஸானா. அவன் உடுத்திருக்கும் சாரம் நீலம் என்றாள். கட்டம் போட்டது என்றாள். வலது கண்ணும் தூரத்துக்கு மங்கல்தான்; ஸுஹைனாவுக்குத் தண்ணீர் மினுங்குவது மட்டும் தெரிந்தது.

அந்தக் கட்டம் போட்ட சாரம் என்னுடையது என்று நினைத்தாள். நான் கொடுத்த நாளில் செய்த கண்ணால் அவள் அதைப் பார்க்கிறாள். அந்த நாளில் நான் போய்ப் படுத்திருந்தால் இப்போது நான் சொல்லிக்கொண்டு வருவேன், அவள் கேட்டுக்கொண்டு வருவாள்.

ஏழு மாதமாக இந்தக் கணக்கு அவளுக்குள் ஓடியது. ஒருமுறையும் பிழைக்கவில்லை.

*

கிளினிக்கில் எழுத்து அட்டை தொங்கும் அறைக்குள்ளேயே உட்கார ஒரு நீள வாங்கு போட்டிருந்தார்கள். ஒருவர் வாசிக்க அடுத்தவர் அங்கே காத்திருக்க வேண்டும்.

றிஸானாவைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். ஒப்பரேஷன் செய்த வலது கண்ணால் வாசித்தாள். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி, ஒவ்வொரு எழுத்தாக, சத்தமாக. முதல் வரியில் ஒரு எழுத்து. இரண்டாவதில் இரண்டு. மூன்றாவதில் மூன்று. ஐந்தாவது வரியில் சற்று நின்றாள்.

“ட. ர. ப. ம. ய.”

தாதி நல்லது என்று சொல்லி எழுதிக்கொண்டார்.

ஸுஹைனாவுக்கு மனப்பாடம் புதிதல்ல. பெண்ணின் தோள், கை, உயரம், எல்லா அளவையும் ஒருமுறை கேட்டால் போதும். எழுதி வைப்பதில்லை. கண் மங்கியபிறகு காது இன்னும் கூர்மையாகிவிட்டது. ஐந்து வரியும் அவளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டன. அவள் கூப்பிடவில்லை. தானாக வந்தன.

அவளுடைய முறை வந்தது. கதிரையில் இருந்தாள். வலது கண்ணைத் தகட்டால் மூடினார்கள்.

எதிரே வெள்ளையாக ஒரு சதுரம். நடுவில் புகை.

“தெரியிற வரைக்கும் வாசிங்க” என்றார் தாதி.

போன மாதம் முதல் வரியோடு நின்றாள். அப்போது பின்னால் வாங்கில் இருந்த றிஸானா “பரவால்ல ராத்தா” என்று சொன்னாள். அந்தப் பரவாயில்லை இன்னும் காதில் இருந்தது.

ஸுஹைனா முதல் வரியைச் சொன்னாள். இரண்டாவது வரியைச் சொன்னாள். மூன்றாவதில் ஒரு எழுத்தில் தயங்குவதுபோல் தயங்கினாள். ஐந்தாவதைச் சொல்லும்போது தலையைக் கொஞ்சம் முன்னே நீட்டினாள்.

“ட. ர. ப. ம. ய.”

தாதி பேனாவை நிறுத்தினார். அட்டையையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தார். போன மாதம் ஒன்று, இந்த மாதம் ஐந்தா என்று கேட்டார். சந்தோசமாகத்தான் கேட்டார்.

பின்னால் வாங்கு கிறீச்சிட்டது. றிஸானா ஓடிவந்து கட்டிக்கொண்டாள். அவள் உடம்பு குலுங்கியது. அழுகிறாள் என்று ஸுஹைனாவுக்குப் புரிய ஒரு கணம் ஆனது.

“ராத்தா, ஒங்கட கண் வந்திட்டு. அல்லாஹ் தந்திட்டான்.”

வாங்கில் இருந்தவர்கள் பார்த்தார்கள். சித்தாண்டியிலிருந்து வந்திருந்த ஒரு மனுசி, முருகன் கைவிடமாட்டான் என்று தன் பங்குக்குச் சொன்னாள். ஒருவர் கைதட்டக்கூடச் செய்தார்.

ஸுஹைனா தங்கையின் முதுகில் கையை வைத்தாள். இதைச் செய்தபோது அவள் எதிர்பார்த்தது றிஸானாவின் முகம் சுருங்குவதை. அது சுருங்கவில்லை.

*

சொட்டு மருந்து விட்டார்கள். படம் எடுத்தார்கள். டொக்டர் வதனி இருவரையும் ஒன்றாக உள்ளே கூப்பிட்டார்.

றிஸானாவுக்கு ஐந்து நிமிடம். வலது கண் நன்றாக இருக்கிறது. இடது கண்ணில் வீக்கம் கொஞ்சம்தான், ஒன்றிரண்டு மாதம் பொறுத்தாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது. ஆனால் நாள் எடுத்தாகிவிட்டது. வருகிற செவ்வாய் செய்துவிடலாம்.

நௌஷாட் ஞாயிற்றுக்கிழமை வருகிறான் என்று றிஸானா சொன்னாள். இந்த முறையும் லீவு எடுத்திருக்கிறான். டொக்டர் தலையாட்டினார். றிஸானா நிற்க முடியாமல் நின்றாள். ராத்தாவின் செய்தியை வெளியே போய் அவனுக்குச் சொல்ல வேண்டும் என்றாள். போய்விட்டாள்.

கதவு சாத்தியதும் டொக்டர், தாதி எழுதிய கிளினிக் காட்டை எடுத்துப் பார்த்தார். திரையைப் பார்த்தார். மறுபடி காட்டைப் பார்த்தார்.

“இடக்கண்ணால அஞ்சு வரி வாசிச்சிருக்கிறீங்க எண்டு எழுதியிருக்கு.”



டொக்டர் எழுந்து சுவரில் இருந்த வேறு அட்டையைத் திருப்பினார். எழுத்துகள் இல்லை, இலக்கங்கள். வலது கண்ணைத் தன் கையாலேயே மூடினார். வாசிக்கச் சொன்னார்.

ஸுஹைனா மேலே இருந்த ஒரு இலக்கத்தைச் சொன்னாள். அதோடு நின்றாள்.

டொக்டர் ஏன் என்று கேட்கவில்லை. காட்டில் ஐந்தை வெட்டி ஒன்று என்று எழுதினார். பேனா கீறும் சத்தம் கேட்டது.

“நீர் வத்தியிருக்கு. ஒப்பரேஷன் செய்ய வேண்டியதைச் செய்திருக்கு. ஆனா வெளிச்சத்தைப் பிடிக்கிற படை ஒண்டு இருக்கு. அது நடுவில உடைஞ்சிருக்கு. வீக்கம் வத்தினாலும் அது திரும்பிக் கட்டுறது குறைவு.”

ஏழு மாதமாக வைத்திருந்த கேள்வியை ஸுஹைனா கேட்டாள். தனக்கு முதலில் கிடைத்த நாளில் செய்திருந்தால் றிஸானாவுக்குத் தெரிகிற மாதிரித் தனக்கும் தெரிந்திருக்குமா?

“தங்கச்சிட கண்ணைப் பற்றி நான் உங்களோட பேசக்கூடாது. உங்கட கண்ணை மட்டும் பேசுவம்.”

பழைய படம் ஒன்றைத் திரைக்குக் கொண்டுவந்தார். சொட்டு மருந்தின் கூச்சத்தில் ஸுஹைனாவுக்குச் சாம்பல் நிறம்தான் தெரிந்தது. டொக்டர் அவள் விரலைப் பிடித்துத் திரையில் ஒரு கோட்டின் மேல் வைத்து இழுத்தார். நடுவில் நிறுத்தினார்.

“இது நீங்க முதல் தரம் வரக்குள்ள எடுத்தது. அந்த நாளுக்கு முந்தினது. இந்த இடம் அப்பவே உடைஞ்சிருக்கு.”

“அப்ப அந்த நாலு மாதம் ஒண்டும் செய்யல்லயா?”

“கொஞ்சம் செய்திருக்கும். எவ்வளவு எண்டு ஒருத்தராலும் சொல்லேலாது. வீக்கம் எவ்வளவு காலம் நிண்டது, சீனி எப்பிடி இருந்தது, முதல்ல எவ்வளவு தெரிஞ்சது, எல்லாம் சேரும். கண் மங்கி எவ்வளவு காலம் கழிச்சு என்னட்ட வந்தீங்க?”

இரண்டு ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்திருந்தன. வாய் திறந்து சொல்லாவிட்டாலும் அவளுக்குத் தெரியும். கண் மங்குவது வெளியே தெரிந்தால் ஏறாவூர் ஆட்கள் வேறு வீடு தேடுவார்கள். ஆகவே விளக்கைக் கிட்ட வைத்துக்கொண்டாள். கண்ணாடி மாற்றினாள். மணியை விரலால் எண்ணினாள். றிஸானாவுக்கு மங்கியபோது றிஸானா அன்றே தெரு முழுக்கச் சொல்லி அழுதாள். கிழமை முடியுமுன் டொக்டரிடம் இருந்தாள்.

ஏழு மாதமாக அவள் தங்கையின் மேல் வைத்திருந்த குற்றம் கையை விட்டுப் போனது. அது போனதும் பொறாமை போய்விடும் என்று யாராவது நினைக்கலாம். போகவில்லை. வெறுங்கையோடு நின்றது.

“இப்ப மற்றக் கண்” என்றார் டொக்டர்.

வலது கண்ணின் படத்தைக் கொண்டுவந்தார். வீக்கம் தொடங்கியிருக்கிறது. ஒரு மாதத்துக்கு உட்பட்டது. சவ்வு இழுக்கிறது. ஊசி மட்டும் காணாது, ஒப்பரேஷன் வேண்டும்.

“இந்தக் கண்ணில படை இன்னும் உடையல்ல. இப்ப செய்தா நல்லா வர இடமிருக்கு. நூற்றுக்கு நூறு எண்டு சொல்லமாட்டன்.”

“எப்ப?”

டொக்டர் பட்டியலை எடுத்துப் பார்த்தார். செவ்வாய்க்கிழமைப் பட்டியல் நிறைந்துவிட்டது. அதன்பிறகு அவர் வெளிநாட்டுக்குப் போகிறார். அடுத்த பட்டியல் இரண்டரை மாதம் கழித்து. கொழும்புக்குக் கடிதம் தரலாம், அங்கேயும் வரிசைதான்.

“செவ்வாய் ஆராவது தங்கட நாளை விட்டுத் தந்தா உங்களைப் போடுவன். நான் ஆரையும் கேக்க ஏலாது. நாளைக்குப் பகல் பன்னிரண்டு மணிக்குப் பட்டியல் மூடுறது.”

இருவரும் ஒரே ஆளைத்தான் நினைத்தார்கள். இருவரும் பெயரைச் சொல்லவில்லை.

சீனியைக் குறைக்கச் சொல்லி டொக்டர் புதிய மருந்து எழுதினார். ஸுஹைனா கதவைத் தடவித் திறந்தாள்.

*

றிஸானா திரும்பும் வழியில் ஒரு பலகையையும் வாசிக்கவில்லை. பேசிக்கொண்டே வந்தாள். நௌஷாட் போனில் அல்ஹம்துலில்லாஹ் என்றானாம். மற்றக் கண்ணுக்கு வரும்போது ராத்தாவுக்கு ஒரு நல்ல கைக்கடிகாரம் கொண்டுவருவானாம், முள் தெரியும்படி.

அவள் ஒரு நிய்யத்து வைத்திருந்தாள். ராத்தாவுக்குப் பார்வை வந்தால் ஏழு வீட்டுக்கு இனிப்பு வட்டிலப்பம் அவித்து அனுப்புவதாக. அதை இப்போதுதான் சொன்னாள்.

“சீனிக்காரி ரெண்டு பேர் சேந்து ஊருக்கு வட்டிலப்பம் குடுக்கிற” என்றான் அஸாம். அவன் குரலும் நனைந்திருந்தது. மனைவியைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டினான்.

ஸுஹைனா, செய்ய வேண்டாம் என்றாள். இன்றைக்கு வேண்டாம், பிறகு பார்க்கலாம் என்றாள். வைத்த நிய்யத்தைத் தள்ளிப்போடக் கூடாது என்று றிஸானா சொல்லிவிட்டாள்.

வீட்டில் இறங்கியதும் றிஸானா மேசையில் இருந்த கறுப்புத் துணியை எடுத்து ராத்தாவின் மடியில் வைத்தாள்.

“இது ஒங்கட வேல. வேற வீட்டுக்குப் போகாமெ இரிக்கத்தான் நான் வாங்கி வெச்ச. இனி நீங்களே வெய்யுங்க.”

அவள் போய்விட்டாள். பக்கத்து வீட்டுச் சமையலறையில் அவள் பாத்திரம் அடுக்கும் சத்தம் கேட்டது. தன் மகள் சஹ்லாவை முட்டை உடைக்கக் கூப்பிடும் சத்தமும் கேட்டது.

காலையில் இந்தத் துணிக்காக எரிந்தாள். இப்போது அது மடியில் இருந்தது.

லுஹர் தொழுதுவிட்டு ஸுஹைனா ஊசியை எடுத்தாள். மருந்தின் கூச்சம் குறைந்திருந்தது. நூலை நாக்கில் நனைத்து, கண்ணை மூடிக்கொண்டு, பழக்கத்தில் கோத்துவிட்டாள். கழுத்தின் நடுவிலிருந்து கீழே ஒரு நேர் கோடு. பன்னிரண்டு மணிகள் வைத்தாள். வைத்த இடம் அவளுக்கு நேராகத் தெரிந்தது.

விரலால் தடவினாள். ஐந்தாவது மணியில் கோடு இடப்பக்கம் போயிருந்தது. ஒன்பதாவதில் திரும்பி வந்திருந்தது. ஜன்னல் கம்பியின் இடுப்பு மாதிரி.

விரல் பொய் சொல்லவில்லை.

இரண்டரை மாதம். அவள் இடது கண்ணை மூடிக்கொண்டு அறையைப் பார்த்தாள். அலுமாரி தெரிந்தது. கட்டில் தெரிந்தது. சுவரில் கஃபாவின் படம், அதன் பொன் எழுத்து ஓரம் வரை தெரிந்தது. இவ்வளவும் இன்னும் இருக்கிறது. இவ்வளவும் போகும்.

எழுந்து தங்கையின் சமையலறைக்குப் போனாள்.

*

வட்டிலப்பம் வைத்த பீங்கான்கள் போய்விட்டிருந்தன. ஏழும். சஹ்லா இரண்டு நடை நடந்து கொடுத்துவிட்டு வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தாள். எந்த வீட்டில் யார் என்ன சொன்னார்கள் என்று சொல்லத் தொடங்கினாள். கடைசி வீட்டுப் பாத்திமா ராத்தா அழுதேவிட்டாராம்.

ஸுஹைனா சஹ்லாவைக் காயப்போட்ட துணி எடுக்கப் போகச் சொன்னாள். அவள் போகும்வரை நின்றாள்.

“றிஸானா. செவ்வாக்கிழம ஒன்ட நாளெ எனக்குத் தா.”

“என்னத்துக்கு?”

“மற்றக் கண்ணும் வீங்கியிட்டு. இப்ப செய்யாட்டி இந்த மாதிரித்தான் போகும்.”

“இந்த மாதிரியா? அந்தக் கண்தானே வந்திட்டு.”

“வரல்ல.”

றிஸானா அடுப்பை நிறுத்தினாள்.

“நீ வாசிச்சதெக் கேட்டுப் பாடமாக்கின. ஒரு எழுத்தும் எனக்குத் தெரியல்ல.”

வெளியே ஒரு மோட்டார் சைக்கிள் போனது. றிஸானா சிறிய பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பிறகு பேசியபோது குரல் உயரவில்லை.

“அத்தின பேருக்கு முன்னால நான் ஒங்களக் கட்டிப்புடிச்சி அழுத.”

“ஓம்.”

“ஏன் ராத்தா?”

ஸுஹைனா யோசித்தாள். சொல்லக்கூடியதாக ஒன்று மட்டும்தான் இருந்தது.

“ஒனக்குத் தெரியிறதெ என்னால பாத்துக்கிட்டு இரிக்க ஏலாமெப் போச்சி.”

றிஸானா சிரித்தாள். அது சந்தோசத்தில் வந்த சிரிப்பு இல்லை.

“அப்ப என்ட கதையெக் கேளுங்க. ஏழு மாதமா நான் இந்தத் தெருவில நடக்கக்குள்ள ஒருத்தராவது, றிஸானா ஒன்ட கண் எப்பிடிண்டு கேட்டதில்ல. ஒன்ட ராத்தா தந்த கண் எப்பிடிண்டுதான் கேக்கிற. நான் ஒரு போட் வாசிச்சாலும் அது ஒங்கட புண்ணியம். எனக்கி ஒங்கட பேரெப் பாத்து எரிஞ்ச எரிச்சல் அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். ஒங்களுக்குக் கண் வரணும்ண்டு நிய்யத்து வெச்சதே அதுக்குத்தான். வந்திட்டா நான் கடன்காரி இல்ல.”

ஸுஹைனா இதை எதிர்பார்க்கவில்லை. தனக்கு ஒன்றும் இல்லை என்று நினைத்திருந்தாள். தன்னிடமும் பொறாமைப்பட ஒன்று இருந்திருக்கிறது. அது தெரியாமலே ஏழு மாதம் போயிருக்கிறது. தெரிந்திருந்தால் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும் என்று நினைத்தாள். நினைத்ததற்கு வெட்கப்பட்டாள்.

“நாளெத் தாறன்” என்றாள் றிஸானா. “என்ட கண் பொறுக்கும்ண்டு டொக்டர் சென்ன. நௌஷாட்டுக்கு நான் சொல்லிக்கிறன். ஆனா இன்டெக்கு ஏழு வீட்டுக்குப் பொய் போயிரிக்கி. நான் அவிச்ச பொய். அதெ நீங்கதான் போய்த் திருப்பி எடுக்கணும். ஒங்கட வாயால. மறுகாத்தான் நான் டொக்டருக்குக் கோல் எடுப்பன்.”

“செவ்வாக்கிழம முடிஞ்சாப்போல சொல்றனே.”

“இல்ல.”

ஸுஹைனா நின்றாள். ஏழு வீட்டில் சொன்னால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். கண்ணைக் கொடுத்த ராத்தா அன்றோடு முடிந்துபோவாள். தங்கையைப் பார்த்து எரிந்து, டொக்டரிடமே பொய் சொன்னவள் என்பார்கள். அப்படிப்பட்டவளுக்கும் தன் நாளைக் கொடுத்த றிஸானா என்பார்கள். கண்ணோடு பேரும் அந்தப் பக்கம் போய்விடும்.

அது வேண்டாம் என்று உடம்பு முழுவதும் சொன்னது. இருட்டில் இருந்தாலும் பரவாயில்லை என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அந்த ஒரு கணத்துக்குத்தான் அவள் பயந்தாள்.

முன்வாசலில் செருப்புக் கழற்றும் சத்தம்.

ஆயிஷா உம்மா மாமி வந்தார். வாப்பாவின் தங்கை. தெருவில் எந்தச் செய்தியும் அவருடைய வீட்டைச் சுற்றிக்கொண்டுதான் அடுத்த வீட்டுக்குப் போகும். பீங்கானைத் திருப்பிக் கொண்டுவந்திருந்தார். வெறுமையாகக் கொடுக்கக் கூடாதென்று நாலு வாழைப்பழம் வைத்திருந்தார்.

“எங்கெ என்ட மகள்? கண் வந்த புள்ளெயெக் காட்டுங்க.”

அவர் ஸுஹைனாவின் கன்னங்களை இரு கைகளாலும் பிடித்தார். தன் முகத்தைக் கிட்டக் கொண்டுவந்தார். தன்னைத் தெரிகிறதா என்று கேட்டார். மூக்குத்தி தெரிகிறதா என்று கேட்டார்.

ஸுஹைனா அந்தக் கைகளைப் பிடித்து மெதுவாகக் கீழே இறக்கினாள்.

“கண் வரல்ல மாமி.”

“என்ன சொல்றா?”

“வரல்ல. நான் பொய் சென்ன. றிஸானாவுக்கு வந்திரிக்கி, எனக்கி வரல்லண்டு ஏலாமெ, வாசிக்கிற மாதிரி நடிச்ச. றிஸானாவுக்குத் தெரியாது. அவள் நம்பித்தான் அவிச்ச.”

மாமி பீங்கானை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். பிறகு அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தார். ஒரு வாழைப்பழம் உருண்டு விழுந்தது. யாரும் எடுக்கவில்லை. அஸர் பாங்கு சொல்லத் தொடங்கினார்கள். மாமி முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு, போய்த் தொழவேண்டும் என்று சொல்லி வெளியே போனார். செருப்பைப் போட்டுக்கொள்ள வழக்கத்தைவிட நேரமெடுத்தார்.

ஸுஹைனா தங்கையின் பக்கம் திரும்பினாள். றிஸானாவின் கையில் போன் இருந்தது. அந்த வெளிச்சம் தெரிந்தது.

“டொக்டருக்கு எடு” என்றாள்.

றிஸானா போனை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

“இன்னும் ஆறு வீடு இரிக்கி, ராத்தா.”